செய்தி வேறு, எச்சரிக்கை வேறு

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவை ஒட்டிய கடலடி நிலம் பிளந்தபோது இலங்கைக் கடிகாரங்கள் காலை 6.59 காட்டின. ஏறத்தாழ 15 நிமிடத்தில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் முதல் அறிக்கையை அனுப்பிவிட்டது. அது பசிபிக் நாடுகளுக்கான அறிக்கை. அலை நமது கிழக்குக் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. அங்குள்ள நமது ஊரான கிண்ணியாவின் கரையோர மக்கள் ஊருக்குள்ளே விலகி நடந்திருக்க அந்த நேரம் போதும். ஆனால் சொல்வார் இல்லை. கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. நாடு முழுவதும் 30,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அன்று நில அதிர்வை அளக்கும் கருவிகள் இருந்தன, செய்தியைக் கண்டம் விட்டுக் கண்டம் கடத்தும் செய்மதிகளும் கம்பிகளும் இருந்தன, கைகளில் தொலைபேசிகள்கூட இருந்தன. இல்லாமற்போனது கடைசிக் கண்ணி ஒன்றுதான்: ஒரு நிலையத்திலிருந்து புறப்பட்டுக் கரையில் நிற்கும் அத்தனை பேரையும் ஒரே கணத்தில் தலை திருப்ப வைக்கும் ஏற்பாடு.

இந்தக் கடைசிக் கண்ணி தனியான ஒரு தொழில்நுட்பம் என்பதை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டும் ஆவணம், பேரிடர் பற்றிய எந்த நூலும் அல்ல; ஆக்கவுரிமைகளை வகைப்படுத்தும் அட்டவணை. 1971-இல் ஸ்ட்ராஸ்பூர்க் உடன்படிக்கையின்படி உருவான சர்வதேச ஆக்கவுரிமை வகைப்பாடு, மனிதர் கண்டுபிடிக்கக்கூடிய அனைத்தையும் எட்டுப் பெரும் பிரிவுகளாகவும் அவற்றுக்குள் 70,000-க்கு மேற்பட்ட உட்பிரிவுகளாகவும் பிரிக்கிறது. ஆக்கவுரிமைப் பத்திரத்தின் முதற்பக்கத்தில் 51 என்று எண்ணிட்ட இடத்தில் இந்தக் குறியீடு இருக்கும். மின்வழித் தொடர்பாடல் எச்04 என்ற வகுப்பைச் சேரும். அது மின்சாரப் பிரிவு. மணி, சங்கு, அபாய ஒலி போன்ற அறிகுறிகள் ஜி08 என்ற வகுப்பைச் சேரும். அது பௌதிகப் பிரிவு. நில அதிர்வை அளப்பது ஜி01வி. பூகம்பம் போன்ற பேரழிவுகளுக்கு ஒலிக்கும் அபாய அறிவிப்புக்கு ஜி08பி 21/10 என்று தனி இடம். ஒரு மத்திய நிலையத்திலிருந்து பல துணை நிலையங்களுக்கு அபாயத்தை அறிவிப்பது ஜி08பி 27. கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக வரும் சுனாமி எச்சரிக்கை எச்04டபிள்யூ 4/90. கடலடியிலிருந்து கரைவரை ஓடும் ஒரே எச்சரிக்கைச் சங்கிலி இப்படி நான்கைந்து இடங்களில் பிரிந்து கிடக்கிறது. அமெரிக்கா 2013 முதல் ஐரோப்பாவுடன் சேர்ந்து பொது வகைப்பாட்டுக்கு மாறுவதற்கு முன், 340 என்ற அதன் பழைய வகுப்பு “மின்வழித் தொடர்பாடல்” என்ற பெயரில் திருடர் மணி, வீதிச் சமிக்ஞை விளக்கு, தொலையளவீடு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருந்தது. பிரித்து வைத்ததே மேல் என்பது என் முடிவு. பிரித்தால்தான் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரியும்.

சுனாமி வந்த அதே நாளில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தில் நடந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் ஊரை எச்சரித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அந்தச் செய்தி முழங்கியது. மக்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினர். தொலைபேசி எச்04 வகுப்பு. ஒலிபெருக்கி வழியே ஊருக்கு ஒலித்த எச்சரிக்கை ஜி08பி. முதலாவது மட்டும் இருந்திருந்தால் அந்தச் செய்தி ஒரு வீட்டோடு நின்றிருக்கும். கிண்ணியாவில் பள்ளிவாசல்கள் தோறும் ஒலிபெருக்கி உண்டு. நமது ஊரின் ஜி08பி ஏற்கனவே மினாராக்களில் ஏறி நிற்கிறது. அதை எந்தச் செய்தி வழியோடு, எத்தகைய மின்சுற்றால் இணைப்பது என்பதே கேள்வி. அதற்குரிய விடைகள் ஆக்கவுரிமைப் பத்திரங்களில் வரைபடத்தோடு கிடக்கின்றன.

தேடுபொறியில் இரண்டு சொல்லைத் தட்டினால் போதாதா, குறியீடு எதற்கு என்று கேட்பார்கள். 1876-இல் கிரகம் பெல் பெற்ற தொலைபேசி ஆக்கவுரிமையின் தலைப்பு “தந்தி முறையில் ஒரு மேம்பாடு”. 1904-இல் ஜகதீஷ் சந்திர போஸ் பெற்ற அமெரிக்க ஆக்கவுரிமை, வானொலி அலைகளைக் கலீனாப் படிகத்தால் உணரும் கருவி பற்றியது. குறைகடத்திக் கருவிகளின் முன்னோடியாக இன்று மதிக்கப்படுவது. அதன் தலைப்போ “மின் கலக்கங்களை உணரும் கருவி”. புதியதைக் கண்டவரிடம் அதற்குரிய சொல் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும் உரிமையை விரிவாக்க அவர் பொதுப்படையாகவே எழுதுவார். ஆக்கவுரிமைப் பரிசோதகர் இடும் குறியீடு சொல்லைப் பாராமல் செயலைப் பார்க்கிறது. சுனாமியோடு நீண்ட காலம் மல்லாடிய ஜப்பானியரின் பத்திரங்களை ஜப்பானிய மொழி அறியாமலே ஜி08பி 21/10 என்று தேடி எடுக்கலாம். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளம் 15 கோடிக்கு மேற்பட்ட ஆவணங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பரிசோதகரும் தவறலாம், அட்டவணையும் மாறும். கம்பியில்லாத் தொடர்பு வலையமைப்புகளுக்கு எச்04டபிள்யூ என்ற தனி இடம் 2009-இல்தான் வந்தது. ஆனால் மாறும்போது பழைய ஆவணங்களுக்கும் புதிய குறியீடு இடப்படுகிறது. பழைய சொல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: ஆக்கவுரிமை என்பது பணக்கார நிறுவனங்கள் போட்ட வேலி, நமக்கு அங்கே என்ன வேலை? வேலிதான், ஆனால் அது நாட்டுக்கு நாடு தனித்தனி. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இலங்கையில் பெற்ற ஆக்கவுரிமையே இங்கு செல்லும். அதுவும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஜப்பானிலோ அமெரிக்காவிலோ மட்டும் பதிவான ஒரு சங்குச் சுற்றை இங்கே உள்ளூர்த் தேவைக்குச் செய்து பயன்படுத்த அந்த ஆக்கவுரிமை தடையாகாது. அந்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதுதான் கூடாது. இங்கு பதிவாகியிருக்கிறதா என்று கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. வேலி இல்லாத நிலத்தையும் வேலி என்று எண்ணி ஒதுங்கி நிற்பது நாமே தேடிக்கொள்ளும் வறுமை.

கருவி கிடைத்தாலும் பராமரிப்பு இல்லாவிட்டால் என்ன பயன் என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். உப்புக் காற்று முதலில் தின்பது மின்தொடுப்புகளை. 2005-ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பின் கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. கோபுரம் நட்டதோடு வேலை முடிவதில்லை. இதற்கும் அந்த அட்டவணையில் இடம் உண்டு: ஜி08பி 29, எச்சரிக்கை அமைப்புகள் இயங்குகின்றனவா என்று சோதிப்பதற்கும் தவறான ஒலிப்பைத் தடுப்பதற்குமான பகுதி. ஒலிக்காத சங்கும் பொய்யாக ஒலிக்கும் சங்கும் ஒரே அளவு ஆபத்தானவை என்று உலகின் பொறியியலாளர்கள் கண்டு, அதற்கென்றே ஒரு பகுதியை நிரப்பி வைத்திருக்கிறார்கள். திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்திலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் மின்னியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் அடுத்த செயற்றிட்டத்துக்கு அந்தப் பகுதியைத் திறந்து, காலாவதியான பத்திரம் ஒன்றை ஒவ்வொரு மாணவரிடமும் கொடுக்கட்டும். புலமைச் சொத்து அலுவலகம் ஜி08, எச்04 ஆகிய இரண்டு வகுப்புகளின் தலைப்புகளையாவது தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடட்டும்.