பறவை கதை, பாட்டியின் ஜெபம் நிஜம்



சொந்த ஊரை விட்டு மும்பைக்கோ டெல்லிக்கோ பெங்களூருக்கோ வந்து குடியேறிய நம்முடைய வீடுகளில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரவு ஜெபம் முடிந்தது. தாய் மகளுக்கு ஒரு கதை சொல்லுகிறாள். ஊரிலிருந்து பாட்டி கொடுத்தனுப்பிய பனையோலை விசிறி நள்ளிரவில் பறவையாக மாறுகிறது; சிறுமியைச் சுமந்துகொண்டு ரயில் பாதைக்கு மேலே தெற்கு நோக்கிப் பறக்கிறது. கதை முடிந்ததும் மகள் கேட்கிறாள்: "அம்மா, இது நிஜமா?"

தாய் திகைக்கிறாள். "ஆம்" என்றால் பொய். "இல்லை" என்றால், இவ்வளவு நேரம் சொன்னது என்ன? விசுவாசியான தாய் கற்பனைக் கதை சொல்லலாமா? பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவக் கற்பனைப் படக்கதை நூல் ஒன்றை உருவாக்க விரும்புகிற எவரும் முதலில் பதில் காணவேண்டிய கேள்வி இதுவே.

மரங்கள் பேசிய மலை

நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிதியோனின் இளைய குமாரனாகிய யோதாம் கெரிசீம் மலையின் உச்சியில் நின்று கதை சொல்லுகிறான். மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடுகின்றன. ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மறுத்துவிட, முட்செடி முன்வருகிறது. மரங்கள் பேசா என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அந்த முட்செடி அபிமெலேக்கு என்பதும் அவர்களுக்குத் தெரியும். கற்பனை இங்கே சத்தியத்தை மறைக்கவில்லை, சுமந்து வந்தது.

கட்டுக்கதைகளைக் குறித்துப் பவுல் எச்சரித்ததை நாம் மறக்கவில்லை (2 தீமோத்தேயு 4:4). அவர் சொன்னது, சத்தியத்துக்குச் செவியை விலக்கி, கதையை அதன் இடத்தில் வைப்பவர்களைப் பற்றியது. கதையைக் கதை என்றே சொல்லி அதன் வழியாகச் சத்தியத்தைக் காட்டுவது வேறு காரியம்.

அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டுகள் அடைபட்டிருந்த ஜான் பனியன், 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணம் முழுவதும் கற்பனைதான். அதைத் தழுவி எச்.ஏ.கிருஷ்ணப் பிள்ளை பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. நம் முன்னோர் கற்பனைக்கு அஞ்சவில்லை.

எது கற்பனை, எது சத்தியம்?

நமது விசிறிக் கதைக்கு வருவோம். பறவை சிறுமியை எங்கே கொண்டுசெல்கிறது? பாட்டியின் வீட்டுக்கு. அதிகாலை நான்கு மணி. இருட்டில் பாட்டி முழங்காலில் நிற்கிறாள். வாசலில் நிற்கும் சிறுமிக்குத் தன் பெயர் கேட்கிறது. பாட்டி அவளுக்காக ஜெபிக்கிறாள். நகரத்தில் அவள் உறங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு விடியலிலும் இது நடந்திருக்கிறது என்பதை அன்றுதான் அவள் காண்கிறாள்.

இப்போது மகளின் கேள்விக்குத் தாயிடம் பதில் இருக்கிறது: "பறவை கதை, மகளே. பாட்டியின் ஜெபம் நிஜம்."

அன்பானவர்களே, உங்கள் நூலுக்கும் இதுவே அளவுகோல். எது கற்பனை, எது சத்தியம் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் பிரித்தறியக் கூடவேண்டும். ஆகவே சில எல்லைகள் தேவை. வேதத்தில் இல்லாத வார்த்தைகளைக் கர்த்தருடைய வாயில் வைக்காதீர்கள். விசிறிப் பறவையைப் பரிசுத்த ஆவியானவருக்கு அடையாளமாக்காதீர்கள். மந்திரச் சொல்லால் அதைப் பறக்கவிடவும் வேண்டாம்.

படத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தேவதூதரை வெள்ளைத் தோலோடும் பொல்லாதவனைக் கறுத்த தோலோடும் வரையும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கும் நம் பிள்ளை தன் கையையும் பார்க்கும்.

முப்பத்திரண்டு பக்கங்கள்

படக்கதை நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும்போது 16 பக்கங்கள் கொண்ட மடிப்பாக வருவது இதற்கு ஒரு காரணம். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். 32 பக்க மாதிரி நூல் கையில் கிடைக்கும். தலைப்பு, பதிப்பு விவரம் ஆகியவை போக, எதிரெதிர்ப் பக்கங்களாக ஏறத்தாழ 14 காட்சிகளுக்கு இடமுண்டு. ஓவியம் தொடங்குமுன் இந்த மாதிரியில் பென்சிலால் கோட்டுருவம் இட்டுப் பாருங்கள். கதை எங்கே தளர்கிறது என்பது உடனே தெரியும்.

500 வார்த்தைகளுக்குள் கதையை முடிக்க முயலுங்கள். படம் காட்டுவதை எழுத்து மறுபடியும் சொல்லவேண்டாம். "விசிறி மெல்ல அசைந்தது" என்று வலப்பக்கத்தில் நிறுத்துங்கள். பிள்ளை தாளைத் திருப்பட்டும். அங்கே சிறகு விரிந்திருக்கட்டும். முகங்களை நடு மடிப்பில் வரையாதீர்கள், தையலில் மறைந்துபோகும். அச்சுக்கு அனுப்பும் படம் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்டதாக இருக்கட்டும். வெட்டுவதற்காக விளிம்பில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். குறைந்த பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சும் ஆயிரக்கணக்கான பிரதிகளுக்கு ஆஃப்செட் அச்சும் செலவைக் குறைக்கும். ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது.

இணையத்தில் கண்ட படத்தை எடுத்துப் பயன்படுத்துவது பிறர் உழைப்பைத் திருடுவதே. ஓவியருக்குரிய கூலியை முன்னமே பேசி, எழுத்தில் உடன்படுங்கள். சபையிலுள்ள சகோதரன்தானே என்று கூலியைக் குறைக்காதீர்கள்.

மறந்துபோகும் மொழி

நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்கமாட்டார்கள். ஆராதனையில் பெரியவர்கள் வேதத்தைத் திறக்கும்போது அவர்கள் கை சும்மா இருக்கும். ஆகவே ஒரே பக்கத்தில் தமிழையும், பள்ளியில் அவர்கள் படிக்கும் ஆங்கிலத்தையோ இந்தியையோ சேர்த்து அச்சிடுங்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் இவ்வாறு இருமொழிப் படநூல்கள் பலவற்றை வெளியிட்டிருக்கிறது. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: தாயும் தகப்பனும் உரக்க வாசிப்பது தமிழாகவே இருக்கட்டும்.

அச்சிடுமுன் நான்கைந்து பிள்ளைகளை அமர்த்தி வாசித்துக் காட்டுங்கள். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்கவேண்டாம். அவர்கள் எந்தப் படத்தில் விரல் வைக்கிறார்கள், எங்கே எழுந்து போகிறார்கள் என்று கவனியுங்கள். கடைசிப் பக்கத்தில் நீதி வாக்கியமும் எழுதவேண்டாம். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றி நாத்தான் சொன்னபோது, விளக்கத்துக்கு முன்பே தாவீதின் இருதயம் கொதித்தது (2 சாமுவேல் 12). கதைக்கு அதன் வேலையைச் செய்ய நேரம் கொடுங்கள்.

சங்கீதம் 92:12-இல் நீதிமானுக்கு உவமையாகத் தமிழ் வேதாகமத்தில் வருவது பனை. அதைக் காணாமலே அடுக்குமாடிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு, அந்தப் பனையின் ஓலையையும் அதன் நிழலில் ஜெபித்தவர்களையும் காட்டுவது நம்முடைய கடமையல்லவா?

பிரியமானவர்களே, இன்றே எட்டுத் தாள்களை மடித்துத் தொடங்குங்கள். அதற்கு முன், ஊருக்குத் தொலைபேசியில் பேசி, பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும்படி பாட்டியிடம் கேளுங்கள். அதைப் பிள்ளையும் கேட்கட்டும். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.