எண்களால் ஆன கண்

மூன்றாம் ஆண்டு, கணிதவியல்

“அணிகளைக் கூட்டுகிறோம், பெருக்குகிறோம், நேர்மாறு காண்கிறோம். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்குகிறோம். பிறகு இவையெல்லாம் எதற்குப் பயன்படும், ஐயா?” முதலாம் ஆண்டு வகுப்பில் நண்பர் ஒருவர் எழுந்து இப்படிக் கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் அக்கேள்வி சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. அதற்கு விடை தேடிப் புறப்பட்டதன் பயனே இக்கட்டுரை.

படம் என்பது யாது?

ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மீது வரைபடத் தாளில் உள்ளவை போன்ற சிறு கட்டங்களை இடுவோம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெளிச்சம் உள்ளது என்று அளப்போம். முழு இருட்டுக்கு 0, முழு வெண்மைக்கு 255, இடைப்பட்ட சாம்பல் நிறங்களுக்கு இடைப்பட்ட எண்கள். நிரையும் நிரலுமாக நிற்கும் இவ்வெண்களின் தொகுதியே செறிவு அணி. வண்ணப் படமானால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அணிகள் வேண்டும். நம் கைப்பேசியில் எடுக்கும் படங்களெல்லாம் இவ்வகையினவே.

1957ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், தம் மூன்று மாத ஆண் குழந்தையின் புகைப்படத்தை 176 நிரைகளும் 176 நிரல்களும் கொண்ட அணியாக மாற்றிக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். கணிப்பொறி கண் திறந்த நாள் அது எனலாம்.

செவ்வாயிலிருந்து வந்த எண்கள்

1965ஆம் ஆண்டு ஜூலையில் மாரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயை நெருங்கிப் படமெடுத்தது. ஒவ்வொரு படமும் 200 நிரை, 200 நிரல். ஆக 40,000 உறுப்புகள். ஒவ்வோர் உறுப்பும் 0 முதல் 63 வரையுள்ள ஓர் எண். அதை எழுத ஆறு இரும இலக்கங்கள் வேண்டும். எனவே ஒரு படத்துக்கு 2,40,000 இலக்கங்கள். இருபது கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, நொடிக்கு எட்டும் மூன்றில் ஒரு பங்கும் என்ற வேகத்தில்தான் அவை வந்து சேர்ந்தன. வகுத்துப் பாருங்கள்: 28,800 நொடி, அதாவது எட்டு மணி நேரம்!

கணிப்பொறி படத்தை ஆக்கித் தரும் வரை பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. எண்கள் அச்சான காகித நாடாக்களை வரிசையாகப் பலகையில் பொருத்தி, இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் என்று வண்ணக் கோல்களால் கையாலேயே தீட்டினார்கள். செவ்வாயின் விளிம்பு அவர்கள் கண்முன் எழுந்தது.

உடலைத் திறவாமல் உள்ளே பார்த்தல்

சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒன்றின் பின் ஒன்றாக உள்ள உறுப்புகளின் நிழல்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. கபாலத்தின் நிழலில் மூளை மறைந்துவிடுகிறது. கதிர் வெளியே வரும்போது எவ்வளவு குறைந்துள்ளது என்பது மட்டுமே நமக்குத் தெரியும். அதன் மடக்கையை எடுத்தால், வழியிலிருந்த கட்டங்களின் எண்களைக் கூட்டிய தொகை கிடைக்கும். தொகையிலிருந்து தனித்தனி எண்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

நான்கே கட்டங்களைக் கொண்டு முயல்வோம். மேல் நிரையின் கூட்டல் 5, கீழ் நிரை 9. இரண்டு நிரல்களும் 7, 7. மேலே 1, 4, கீழே 6, 3 என்பது ஒரு விடை. மேலே 2, 3, கீழே 5, 4 என்பதும் விடைதான்! ஆகவே நேராகவும் குறுக்காகவும் பார்த்தால் மட்டும் போதாது. மூலைவிட்டத்தின் வழியே இன்னொரு கதிரைச் செலுத்தி, அதன் கூட்டல் 4 என அறிந்தால், முதல் விடையே சரி என்பது உறுதியாகிறது. கதிர்க்கருவி தலையைச் சுற்றி வருவதன் இரகசியம் இதுவே.

இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த கருவி, 1971 அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளைக் கட்டி இருக்கலாம் என ஐயுற்ற ஒரு பெண்மணியை முதன்முதலாகப் படமெடுத்தது. 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவீடுகள்; ஆக 28,800 சமன்பாடுகள். அவற்றிலிருந்து 80க்கு 80 என்ற அணியின் 6,400 உறுப்புகள் கணிக்கப்பட்டன. நோய் இருந்த இடம் படத்தில் தெரிந்தது. இதற்கான கணித வழியைத் தனியே முன்னரே கண்டிருந்த ஆலன் கார்மக்குடன் 1979இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்றைய சி.டி. ஸ்கேன் அணிகள் பெரும்பாலும் 512க்கு 512 அளவின.

இவ்வணியில் நீரின் எண் 0. காற்றின் எண் -1000. கொழுப்பு ஏறத்தாழ -100. கெட்டியான எலும்பு 1000ஐயும் எட்டும். இவ்வெண்கள் ஓர் உயிரை எவ்வாறு காக்கின்றன என்று பாருங்கள். பக்கவாதம் தாக்கிய ஒருவரை மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அல்லது வெடித்து இரத்தம் கசிந்திருக்கலாம். வெளியே தோன்றும் அறிகுறிகள் ஒன்றே போலிருக்கும். அடைப்பானால், உறைவைக் கரைக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தர வேண்டும். கசிவானால் அதே மருந்து உயிரைக் குடித்துவிடும்.

மூளைத் திசுவின் எண் 30 முதல் 40 வரை. புதிதாகக் கசிந்த இரத்தத்தின் எண் 60ஐ ஒட்டியது. வேறுபாடு 25 அளவே. -1000 முதல் 1000 வரையுள்ள எண்களை 256 சாம்பல் நிறங்களில் பரப்பினால், இவ்வேறுபாடு மூன்று படிகளே ஆகும், கண்ணுக்குப் புலப்படாது. எனவே 0 முதல் 80 வரையுள்ள எண்களுக்கு மட்டும் எல்லா நிறங்களையும் பங்கிடுகிறார்கள். இப்போது இரத்தம் வெள்ளை வெளேரெனத் தெரிகிறது. அணி மாறவில்லை, பார்க்கும் முறைதான் மாறியது.

வயலும் வார்ப்பும்

பச்சை இலை சிவப்பொளியை விழுங்கும். அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். 1972இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 1 முதலான செயற்கைக்கோள்கள் இவ்விரண்டையும் தனித்தனி அணிகளாக அனுப்பின. ஒத்த உறுப்புகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டலால் வகுத்தால், பயிரின் செழுமைக்கு ஓர் அளவு கிடைக்கும். அகச்சிவப்பு 50, சிவப்பு 10 எனில் 0.67, நல்ல பயிர். முறையே 30, 25 எனில் 0.09, வெறும் மண்.

பொறியியலில், வார்ப்புகளிலும் பற்றவைத்த குழாய் மூட்டுகளிலும் உள்ள கீறலை இவ்வாறே காண்கிறார்கள். எக்ஸ் கதிர்ப் படத்தின் அணியில் அடுத்தடுத்த உறுப்புகளைக் கழித்துக்கொண்டே சென்றால், எங்கே விடை திடீரென்று பெரிதாகிறதோ அங்கே ஒரு விளிம்பு உண்டு.

எச்சரிக்கை ஒன்று

அணியில் பிழைகளும் நுழையும். 20, 21, 19, 22, 20, 21, 20, 19 என்ற எண்களின் நடுவே 200 என்று ஒன்று நிற்பதாகக் கொள்வோம். ஒன்பதின் சராசரி 40. பிழை அதையும் கெடுத்துவிட்டது. ஏறுவரிசையில் அடுக்கி நடு எண்ணை எடுத்தால் 20, பிழை மறைந்தது. நல்ல முறைதான். ஆனால் அந்த 200 பிழையாக இல்லாமல், வானத்தில் தனித்து நின்ற விண்மீனாக இருந்தால்? உடலில் அப்போதுதான் தோன்றிய நோயின் சிறு புள்ளியாக இருந்தால்? அழகான படம் கிடைக்கும், உண்மை போய்விடும். ஆகவே எதை நீக்குகிறோம் என்று அறிந்தே நீக்க வேண்டும். அதைக் கணிப்பொறி தானே அறியாது. கணிதமும் மருத்துவமும் கற்ற மனிதர்தாம் அதற்குச் சொல்லித் தர வேண்டும்.

அன்று கேள்வி கேட்ட நண்பருக்கு இதுவே என் விடை. நண்பரே, நாம் கரும்பலகையில் எழுதி அழிக்கும் அணிதான், எங்கோ ஒரு மருத்துவமனையில் நள்ளிரவில் வந்து சேரும் நோயாளிக்கு எந்த மருந்து என்று சொல்கிறது. அடுத்த முறை நேர்மாறு காணும்போது ஒரு குறியைத் தவறவிட்டால், போவது ஒரு மதிப்பெண் மட்டும்தானா என்று சற்று எண்ணிப் பார்ப்போம்.