எவரெஸ்டிலிருந்து நெய்யூருக்கு

மேதையும் இசைக்கலைஞருமான ஒருவர் மருத்துவ மறைப்பணியாளரானார் என்றதும் ஆப்பிரிக்காவின் லாம்பரேனேயில் உழைத்த ஆல்பர்ட் சுவைட்சர்தான் நம் நினைவுக்கு வருவார். நம் தமிழ் மண்ணிலேயே அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். லண்டன் மிஷன் சங்கத்தார். அதனால் என்ன?

1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். குடும்பத்துக்குச் சொந்தமாகக் காலணித் தொழிற்சாலை இருந்தது. கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலில் இரட்டை முதல் வகுப்பு பெற்றார். ஓவியர், இசையறிந்தவர், மலையேறுபவர். முதல் உலகப் போரில், 1916-இல் சோம் போர்க்களத்தின் அருகே நான்கு அறுவை மருத்துவர்களில் ஒருவராக நின்றார். வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் காயம்பட்டோர் கிடந்தார்கள். யாரை முதலில் மேசைக்கு எடுப்பது என்று இவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னை முதலில் எடுக்கும்படி அவர்களில் எவரும் கேட்கவில்லை என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1922-இல் எவரெஸ்ட் பயணத்தில் சேர்ந்தார். வழியில் திபெத்திய மக்களின் பாடல்களைக் கேட்டு இசைக்குறிப்புகளாக எழுதிக்கொண்டார். அந்தப் பயணத்தைப் பற்றிய திரைப்படத்துக்கு அவை பின்னணி இசையாயின. ஆனால் ஜூன் 7 அன்று பனிச்சரிவில் ஏழு சுமைதூக்குவோர் இறந்தனர். உடன் சென்ற ஆங்கிலேயர் எவரும் சாகவில்லை. அது அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரை அடைந்தார். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். 1838-இல் தொடங்கிய அந்த மருத்துவப் பணியில், கூட்டம் கூட்டமாகக் காத்திருந்த நோயாளிகளுக்குத் தகுதிபெற்ற அறுவை மருத்துவர் ஒரே ஒருவர்! லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே பணிசெய்ய முடிவெடுத்தார். போர்க்களத்தில் பார்த்ததைத்தான் நெய்யூர் வராந்தாவிலும் அவர் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1924-இல் நெய்யூரிலிருந்தே மீண்டும் எவரெஸ்ட் போனார். பனியில் சிக்கிய நான்கு சுமைதூக்குவோரைக் கயிறு கட்டிச் சரிவைக் கடந்து சென்று மீட்டார். பின்பு நார்ட்டனோடு ஆக்ஸிஜன் இல்லாமல் 8,500 மீட்டருக்கு மேல் ஏறினார். இறங்கும்போது குளிரில் கருகிய தொண்டைச் சவ்வு மூச்சை அடைத்தது. மார்பை இரு கைகளாலும் அழுத்தி அதை இருமித் துப்பி உயிர் பிழைத்தார். தம் கேமராவை மல்லோரிக்குக் கொடுத்தார், மல்லோரி திரும்பவில்லை.

பின்பு நெய்யூர்தான். மரவள்ளிக் கிழங்கை நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் குடற்புண் மிகுதியாக இருந்தது. ஆயிரக்கணக்கில் அறுவை செய்து, அந்த அனுபவத்தை மருத்துவ இதழ்களில் எழுதினார். வெற்றிலை போடுவோருக்கு வந்த வாய்ப்புற்றுக்கு ரேடியம் சிகிச்சை அளித்தார். தொழுநோயாளருக்கும் பணிசெய்தார்.

1949 முதல் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை கற்பித்தார். பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நெசவாளர்கள் பெரிய நோய் என்றால் பேருந்து ஏறிப்போகும் அதே வேலூர்தான். 1975-இல் இங்கிலாந்தில் இறந்தார். கேரளத்துக் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.