முழுத்தேடலும் இடப்பகுப்பும்

அகராதியில் ஒரு சொல்லைக் காண விழைவார் முதற்பக்கந் தொடங்கி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துச் செல்வதில்லை. முதலெழுத்தை நோக்கி உரிய பகுதிக்கே செல்வர். எனினும், இருபது சொற்களே கொண்ட பட்டியலாயின், அதனை அகரவரிசைப்படுத்துதலினும் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடுதலே எளிது. மென்பொருளாக்கத்தில் எழும் வினா ஒன்றும் இத்தகையதே. அருகிலுள்ளவற்றைத் தேடுங்கால், எல்லாவற்றையும் ஒப்பிடும் முழுத்தேடலை மேற்கொள்வதா, இடத்தை முன்னரே கூறுபடுத்தி வைக்கும் இடப்பகுப்பை மேற்கொள்வதா என்பதே அது. கல்வெட்டிடங்களை நிலப்படத்தில் ஆராய்வார்க்கும், சொற்பொருளுறவைக் கணிப்பொறிவழி ஆராய்வார்க்கும் இவ்வினா புறம்பானதன்று. தேர்வு பிழைபடின் காலம் வீணாவதோடு முடிவும் பிழைபடக்கூடும்.

ஒன்றற்கொன்று 10 கிலோமீட்டருக்குள் அமைந்த இடங்களைக் காண வேண்டும் எனக் கொள்வோம். இடங்கள் 50 எனின் ஒப்பிடற்குரிய இணைகள் 1,225. கணிப்பொறிக்கு இஃது ஒரு பொருட்டன்று. இடங்கள் 10,000 எனின் இணைகள் 4,99,95,000 ஆகின்றன. நிலப்படத்தைப் பக்கம் 10 கிலோமீட்டர் உள்ள 1,000 கட்டங்களாகப் பகுத்து, இடங்களும் சீராகப் பரவியிருப்பின், கட்டத்திற்குப் பத்தே இடங்கள். ஓர் இடத்திற்குத் தன் கட்டத்தையும் சூழ்ந்த எட்டுக் கட்டங்களையும் மட்டும் நோக்கினால் போதும். ஒப்பீடுகள் 4,45,000க்கு மேற்படா.

சூழ்ந்த கட்டங்களை விடுதல் கூடாது. எல்லைக்கோட்டின் இருமருங்கும் நிற்கும் இரண்டு ஊர்கள் மிக அணித்தாயினும் வேறு வேறு கட்டத்தன ஆதலின், தன் கட்டத்தை மட்டும் நோக்கும் நிரல் அவற்றின் அண்மையைக் காணாது. மேலும், இடங்கள் ஓரிடத்தே குவிந்திருப்பின் சமகட்டப் பகுப்புப் பயன் குன்றும். இக்குறையை நீக்குவது, செறிந்த பகுதியை மேன்மேலும் நான்காகப் பகுக்கும் நாற்கிளை மரம். இதனை ஃபிங்கெல், பென்ட்லி என்னும் இருவர் 1974இல் வெளியிட்டனர். பரிமாணங்களை மாறிமாறிப் பகுக்கும் கே-டி மரத்தைப் பென்ட்லி 1975இல் அளித்தார்.

இனி, பரிமாணம் பெருகின் நிகழ்வது யாது? நோக்கற்குரிய கட்டங்கள் இரு பரிமாணத்தில் 9; மூன்றில் 27; பத்தில் 59,049. 2018இல் வெளிவந்த ஃபாஸ்ட்டெக்ஸ்ட் சொற்றிசையன்கள் தமிழ்ச்சொல் ஒவ்வொன்றையும் 300 எண்களால் குறிக்கின்றன. ஒவ்வொரு பரிமாணத்தையும் ஒருமுறையே இரண்டாகப் பிளந்தாலும் பிறக்கும் அறைகளின் தொகை 91 இலக்க எண்ணாகும். சொற்கள் எத்துணை இலட்சமாயினும் அறைகள் பெரும்பாலும் வெறுமையே. பகுப்பினால் எதனையும் விலக்க இயலாது. வெபர், ஷெக், பிளாட் ஆகியோர் 1998இல், பரிமாணம் ஏறத்தாழப் பத்தைக் கடந்தால் இத்தகைய பகுப்பு முறைகளினும் தொடர்வரிசைத் தேடலே சராசரியாக விரைவுடையது எனக் காட்டினர்.

ஆகவே, பொருள்கள் பல, பரிமாணம் சில, வினாக்கள் பல என்றவிடத்து இடப்பகுப்பே தக்கது. பொருள்கள் சிலவாயினும், பரிமாணம் மிகினும், ஒரே ஒருமுறை வினவுவதாயினும் முழுத்தேடலே ஏற்றது. ஏனெனில் மரத்தைக் கட்டும் உழைப்பு ஒரு முழுத்தேடலின் உழைப்பினும் மிகுதி. இவை தம்முள் முற்றும் பகையுமல்ல. சைகிட்-லேர்ன் என்னும் நிரற்றொகுதியின் அண்மைத்தேடல் மரம் இயல்பாக 30 அளவிலான இலைகளோடு நின்று, இலைக்குள் முழுத்தேடலையே கையாளுகின்றது.

விரைவு கருதித் தோராயத் தேடலை மேற்கொள்வாரும் உளர். அம்முறை உண்மையில் அண்மையிலுள்ள சொல்லைத் தவறவிடக்கூடும். ‘இல்லை’ என்று அது கூறுவதைச் சான்றாகக் கொண்டு முடிவு கட்டுதல் ஆய்வுக்கு ஊறு விளைக்கும். ஆதலின், பகுப்புமுறையைப் பயன்படுத்துவார் முதற்கண் ஒரு சிறு தொகுதியில் முழுத்தேடலையும் நடத்தி, இரண்டின் விடைகளையும் ஒத்துநோக்குதல் வேண்டும். மெதுவாயினும் முழுத்தேடல் ஏனைய முறைகளுக்கு உரைகல்லாகும்.