நீங்கள் எழுதிய பழைய அசைன்மென்ட்டையே மறுபடி கொடுக்கலாமா? விதி என்ன சொல்கிறது?

வேலை பார்த்துக்கொண்டே எம்பிஏ படிக்கிறீர்கள். நாளை அசைன்மென்ட்டுக்குக் கடைசி நாள். கேட்டிருக்கும் தலைப்பில் இரண்டு வருடம் முன்பு இன்னொரு கோர்ஸுக்காக நீங்களே எழுதிய ஃபைல் லேப்டாப்பில் இருக்கிறது. தேதியை மாற்றி அனுப்பிவிட்டால் என்ன? "நான் எழுதினதுதானே, யார்கிட்டயும் திருடலையே!"

ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்க 2022-ல் யுஜிசி அனுமதித்தது. அதன் பிறகு இந்தக் கேள்வி இன்னும் பலருக்கு வரும்.

சொந்த எழுத்தில் என்ன தப்பு?

அசைன்மென்ட்டுக்குக் கிடைக்கும் மதிப்பெண், அந்தக் கோர்ஸுக்காக நீங்கள் புதிதாகச் செய்த வேலைக்கானது. பழையதைச் சொல்லாமல் கொடுத்தால், ஒரே உழைப்புக்கு இரண்டு முறை மதிப்பெண் வாங்குகிறீர்கள். திருத்தும் ஆசிரியர் இது புதிது என்று நம்பித்தான் மார்க் போடுகிறார். பிரச்சினை திருட்டு இல்லை, மறைப்பது.

யுஜிசி என்ன சொல்கிறது?

2018-ல் வந்த யுஜிசி விதிகள், அடுத்தவர் படைப்பைத் தனது என்று காட்டுவதைத்தான் எழுத்துத் திருட்டு என்று வரையறுத்தன. ஆய்வேட்டில் 60%-க்கு மேல் ஒத்துப்போனால் மாணவரின் பதிவே ரத்தாகும் அளவுக்கு அவை கடுமையானவை.

சொந்த எழுத்தைப் பற்றி 2020 ஏப்ரலில் யுஜிசி தனியாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏற்கெனவே வெளியான தன் படைப்பை, முறையாக மேற்கோள் காட்டாமல் புதியது என்று காட்டிப் பலன் பெறுவது ஏற்கத்தக்கதல்ல என்றது. ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக்கி வெளியிடுவது, பழைய தரவை மறுபடி பயன்படுத்துவது, சொந்த எழுத்தையே வார்த்தை மாற்றி எழுதுவது ஆகியவையும் மூலத்தைச் சுட்டாவிட்டால் இதில் அடங்கும்.

அப்போ அசைன்மென்ட்டுக்கு?

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். அசைன்மென்ட், டேர்ம் பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் போன்றவற்றை 2018 விதிகள் தங்கள் வரம்பிலிருந்து விலக்கியிருக்கின்றன. 2020 அறிவிப்பும் வெளியான படைப்புகளைப் பற்றியதுதான்.

அதற்காக எதுவும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. முடிவு உங்கள் பல்கலைக்கழகம், துறை, ஆசிரியர் கையில் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதையும் எழுத்துத் திருட்டின் ஒரு வகையாகவே பார்க்கின்றன. வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் கையேட்டை முதலிலேயே படித்துவிடுவது நல்லது.

சாஃப்ட்வேர் பிடிக்குமா?

பெரும்பாலும் பிடிக்கும். டர்னிடின் போன்ற மென்பொருள்கள், கல்லூரி தேர்ந்தெடுத்துள்ள அமைப்பைப் பொறுத்து, நீங்கள் கொடுத்த பழைய அசைன்மென்ட்டைச் சேமித்து வைக்கின்றன. புதியதைப் பதிவேற்றும்போது அதனுடனும் ஒப்பிடும். ஆனால் அது காட்டுவது ஒற்றுமையின் சதவீதத்தை மட்டும்தான். தப்பா, இல்லையா என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆபீஸ் ரிப்போர்ட்டைப் பயன்படுத்தலாமா?

இதில் கூடுதல் கவனம் தேவை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர். டைப் செய்தது நீங்களாக இருந்தாலும் அது 'உங்களுடையது' இல்லை. ரகசியத் தகவல் இருந்தால் வேலைக்கே சிக்கல் வரலாம். குழுவாகச் செய்த ப்ராஜெக்ட்டிலும் மற்றவர்களின் பங்கு உண்டு.

சரியான வழி என்ன?

• எழுதத் தொடங்கும் முன்பே ஆசிரியருக்கு மெயில் அனுப்புங்கள்: "இந்தத் தலைப்பில் முன்பு ஓர் அசைன்மென்ட் எழுதியிருக்கிறேன். அதன் தரவைப் பயன்படுத்தி, புதிய கேள்வி ஒன்றை ஆராயலாமா?" பழைய ஃபைலையும் இணையுங்கள்.

• அனுமதி கிடைத்தால், எந்தப் பகுதி பழையது, எந்த வருடம், எந்தக் கோர்ஸுக்காக எழுதியது என்று முதல் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.

• பழைய வாசிப்பையும் யோசனையையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைப்பில் தொடர்ந்து வேலை செய்வது தப்பே இல்லை. பத்திகளை அப்படியே ஒட்டாமல், அடுத்த கேள்விக்கு நகருங்கள்.

அனுமதி கிடைக்காவிட்டால் புதிதாக எழுதத்தான் வேண்டும். அதில் போவது ஓரிரு இரவுத் தூக்கம். மறைத்து மாட்டினால் போவது மதிப்பெண்ணும் நம்பிக்கையும்.