திடலில் திருவிழா, லயத்தில் குற்றம்

ஏப்ரல் வசந்தகாலத்தில் இலங்கையின் நுவரெலியா குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவது கொண்டாட்டமாகவும், தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளுக்கு அருகே பொதுவிடத்தில் பணயம் வைத்துச் சீட்டாடுவது குற்றமாகவும் இருப்பதன் வேர், சேவற்சண்டையையும் சேர்த்துத் தடுத்த 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. பந்தயப் பணம் ஏற்கும் புக்கிகள் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்வை, அதாவது தொழில்மீதான தனிவரி, செலுத்தித் தொழில் நடத்துகின்றனர். லொத்தர் சீட்டையோ அரச நிறுவனங்களே விற்கின்றன.

2023இல் 20 ரூபாயிலிருந்து 40 ரூபாயாக உயர்ந்த அந்தச் சீட்டு பார்வைக்கு அற்பமானதே எனினும், நாளுக்கு இரண்டு வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதச் செலவு 2,400 ரூபாயாகிறது. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி, அது ஏறத்தாழ இரண்டு நாள் மலையேறிக் கொழுந்து பறித்த கூலி.

முழுத்தடை ஆட்டத்தை மறைவிடத்துக்கே துரத்தும் என்போர் கூற்றில் உண்மையுண்டு. ஆயினும், ஏழையின் சீட்டுக்கட்டைப் பறித்துவிட்டு அதே கையில் லொத்தரைத் திணிப்பதைக் கட்டுப்பாடு என்று அழைப்பது பொருந்தாது. இந்த முரணுக்கு நடுவே, சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபையை அமைக்கும் சட்டம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியுள்ளது.