ஆராய்ச்சி மணியும் சமூக ஊடகமும்: லிட்டில் இந்தியா கலவரத்தை முன்வைத்து ஒரு பார்வை

முன்னுரை

மனுநீதிச் சோழன் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். தேர்க்காலில் கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலில் அசைத்த மணியைத் தமிழ் மரபு ‘ஆராய்ச்சி மணி’ என வழங்குகின்றது. முறையீட்டு மணி என்று அதற்குப் பெயரிடவில்லை என்பது கருதத்தக்கது. மணியின் பயன் ஒலியோடு முடிவதன்று. அதனைத் தொடர்ந்து ஆராய்ச்சி நிகழ்தல் வேண்டும். சமூக ஊடகம் இன்று எல்லார் கையிலும் உள்ள மணியாகும். அதன் ஒலிக்குப்பின் ஆராய்ச்சி நிகழ்கின்றதா என்பதைச் சிங்கப்பூர் நிகழ்வொன்றின்வழி இக்கட்டுரை நோக்குகின்றது.

இரு வாயில்கள்

சிங்கப்பூர் அரசு 1985ஆம் ஆண்டில் மக்கள் கருத்தறியும் பிரிவொன்றை நிறுவியது. 2006இல் அது ‘ரீச்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ஸ்டோம்ப்’ இணையத்தளம், பொதுமக்களே படமெடுத்து அனுப்பும் வழக்கத்தைப் பரப்பியது. முன்னதில் முறையீடு அலுவலரிடம் சென்றது. பின்னதில் நேரே ஊராரிடம் சென்றது. நாளிதழுக்குக் கடிதம் எழுதியவர் தம் பெயரைத் தந்து பொறுப்பேற்றார். படமெடுத்து வெளியிடும் முறையிலோ வெளிப்படுவது பெரும்பாலும் எடுத்தவரின் அடையாளமன்று. படத்தில் சிக்கியவரின் அடையாளமே.

தேக்காவில் நிகழ்ந்தது

8.12.2013 ஞாயிற்றுக்கிழமை இரவு, தேக்கா வட்டாரத்தில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தருகே தமிழகத்தைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. படங்களும் காணொளிகளும் உடனுக்குடன் பரவின. தெற்காசியத் தொழிலாளர் அனைவரையும் பழிக்கும் சொற்களும் உடன் பரவின. இணையத்தில் எழும் வெறுப்புரைகளை ஏற்கலாகாது எனப் பிரதமர் லீ சியன் லூங் அறிவுறுத்த நேர்ந்தது.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 பிப்ரவரியில் பொது விசாரணையைத் தொடங்கி, அவ்வாண்டு ஜூனில் அறிக்கை அளித்தது. பழிதூற்றப் பயன்பட்டவை போன்ற காணொளிகளே அங்குச் சாட்சியங்களோடு ஒப்பிடப்பட்டுச் சான்றுகளாயின. விபத்து, மீட்புப் பணியைக் கூட்டத்தினர் தவறாகப் புரிந்துகொண்டமை, மது ஆகியவற்றைக் குழு காரணங்களாகக் கண்டது. வேலை, தங்குமிடக் குறைகள் காரணமல்ல என்றது. இம்முடிவை ஏற்காதாரும் உளர். எனினும் அவர்கள் மறுப்பதற்குக் காரணகாரியங்களுடன் கூடிய ஓர் ஆவணம் இருக்கின்றது. வசைக்கு அத்தகைய ஆவணம் இல்லை. அதே வேளையில், 25 பேர்மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட, 57 பேர் வழக்கு விசாரணையின்றியே தாயகம் அனுப்பப்பட்டனர் என்பதையும் மறத்தற்கில்லை. ஆராய்ச்சி அனைவரையும் எட்டவில்லை.

சட்டமும் அதன் எல்லையும்

2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றது; தனிப்பட்ட முறையில் செயற்படும் ஒருவரை அது பெரும்பாலும் கட்டுப்படுத்துவதில்லை. இவ்விடைவெளியின் ஒரு பகுதியை 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் நிரப்பிற்று. அதன் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, துன்புறுத்தும் நோக்கில் ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுதல் குற்றமாகும். இது 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும், பெயர் சுட்டாது ஓரினத்தாரையே இழிவுபடுத்தும் சொல்லின்முன் தனிமனிதரைக் காக்கும் இச்சட்டங்கள் போதா.

முடிவுரை

கோவலன் கொலையுண்டது முறையீடு இன்மையால் அன்று. பொற்கொல்லன் முறையிட்டான், பாண்டியன் ஆராயவில்லை. சிலப்பதிகாரத்தை வகுப்பறையில் கற்பிக்கும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஒரு காணொளியைக் காணும் மாணவர், எடுத்தவர் யார், எதற்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்டது, படத்திலிருப்பவர் மறுமொழி கூற வாய்ப்புப் பெற்றாரா என வினவக் கற்பாராயின், அதுவே இலக்கியக் கல்வியின் பயனாகும். மணியை அசைக்கும் உரிமை எல்லார்க்கும் வந்துவிட்டது. ஆராயும் கடமையும் அவ்வாறே எல்லார்க்கும் உரியதாதல் வேண்டும்.